ஒற்றை மேற்கோள் குறியும் ஒரு மொழியின் ஒலியும்

இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் 2003ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட மொழிகள் நான்கு: போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி. இவை ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. போடோ திபெத்திய-பர்மியக் கிளையினது. சந்தாலி முண்டாக் கிளையினது. ஏனைய இரண்டும் இந்தோ-ஆரியம். ஆயினும் எழுத்தளவில் இந்நான்குக்கும் அதிகம் பேசப்படாத ஓர் ஒற்றுமை உண்டு. தேவநாகரியில் எழுதப்படும் முதல் மூன்றும் சில ஒலி வேறுபாடுகளைக் காட்ட, எழுத்தின் மேற்புறம் ஒட்டி நிற்கும் ஒற்றைக் குறி ஒன்றைப் பயன்படுத்துகின்றன. சந்தாலிக்கு 1925இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஓல் சிக்கி எழுத்து இருக்கிறது. எனினும் அதன் ரோமன் எழுத்துமுறையிலும் அதே குறிதான். பி.ஓ. போடிங் 1929 முதல் 1936 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட சந்தாலி அகராதியைப் புரட்டினால் பக்கந்தோறும் அது தென்படும். தண்ணீருக்குச் சந்தாலியில் தாக்'. சொல்லின் இறுதியில் நிற்பது அலங்காரம் அன்று; குரல்வளை அடைபட்டு, காற்று வெளிவிடப்படாமல் நின்றுபோகும் மெய்யொலியின் அடையாளம்.

விசைப்பலகையில் இக்குறிக்கெனத் தனி விசை இல்லை. ஒருங்குறியில் தனி எழுத்தாக இடம் உண்டு என்றாலும், களத்திலிருந்து திரும்பிய ஆய்வாளரின் விரல் போவது சாதாரண ஒற்றை மேற்கோள் குறிக்குத்தான். உலகின் பெரும்பாலான தரவுத்தளங்களில் ஓர் உரைச்சரம் தொடங்குவதையும் முடிவதையும் காட்டும் குறியும் அதுவே. மொழியியல் ஆய்வாளர்கள் பலரின் எக்செல் கோப்புகளில் இந்த இரண்டு வேலைகளும் மோதிக்கொள்கின்றன. மோதலில் தோற்பது எப்போதும் மொழிதான்.

நடப்பது இதுதான். சொற்றொகுதி எக்செல் விரிதாளில் பிறக்கிறது. ஐந்நூறு சொற்கள் ஐயாயிரமாகும்போது, துறையில் யாரோ ஒருவர் அதை அக்சஸிலோ மைஎஸ்கியூஎல்லிலோ ஏற்றச் சொல்கிறார். விரிதாளுக்கும் தரவுத்தளத்துக்கும் பாலமாக ஒரு மேக்ரோ எழுதப்படுகிறது. பெரும்பாலும் எங்கிருந்தோ நகலெடுக்கப்படுகிறது. அந்த மேக்ரோ செய்வது ஒட்டு வேலை. வினவலின் முற்பாதியை எழுதி, அதன் வாலில் செல்லில் உள்ள சொல்லை ஒட்டி, இறுதியில் ஒரு மூடுகுறியை ஒட்டுகிறது. விளைவு இப்படி அமையும்:

செலக்ட் பொருள் ஃப்ரம் சொற்கள் வேர் வடிவம் = 'தாக்''

சொல்லின் இறுதியில் உள்ள குறியும் மேக்ரோ சேர்த்த மூடுகுறியும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. எஸ்கியூஎல் இலக்கணத்தில் சரத்துக்குள் அடுத்தடுத்து வரும் இரண்டு ஒற்றைக் குறிகளுக்கு 'உள்ளே ஒரு குறி இருக்கிறது, சரம் இன்னும் முடியவில்லை' என்று பொருள். எனவே தரவுத்தளம் வாராத மூடுகுறியைத் தேடிக்கொண்டு வாக்கியத்தின் எல்லையைக் கடக்கிறது. கடைசியில் பிழை என்கிறது.

பிழை திரையில் தோன்றினால் நல்லது. ஆனால் நகலெடுக்கப்படும் மேக்ரோக்களின் தலைப்பகுதியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். பிழை வந்தால் பேசாமல் அடுத்த வரிக்குப் போ என்பது அதன் பொருள். ஐயாயிரம் சொற்களை ஏற்றும் மேக்ரோவில் அந்த வரி இருந்தால், குரல்வளை அடைப்பில் முடியும் சொற்கள் மட்டும் ஓசையின்றி உதிர்ந்துபோகும். ஏனையவை ஒழுங்காக ஏறும். 'ஏற்றம் முடிந்தது' என்ற செய்தியும் வரும். பிறகு அதே தரவுத்தளத்திலிருந்து சொல்லிறுதி மெய்களின் நிகழ்வெண் எண்ணப்படும், அட்டவணை வரையப்படும், ஆய்வேட்டில் ஓர் இயலாகும். அந்த இயல் பேசுவது சந்தாலியைப் பற்றி அன்று. மேக்ரோவின் வடிகட்டியைத் தாண்டி வந்த சந்தாலியைப் பற்றி. தரவு சமவாய்ப்பு முறையில் தொலைந்திருந்தால் புள்ளியியல் ஓரளவு தாங்கும். இங்கே ஓர் ஒலிவகையே குறிவைத்து நீக்கப்படுகிறது.

இதனால்தான் 'எங்கள் துறையை யார் ஹேக் செய்யப் போகிறார்கள்' என்ற வழக்கமான பதில் கேள்வியையே தவறவிடுகிறது. வினவலுக்குள் அயல் கட்டளையைச் செருகும் இந்தப் பலவீனம் 1998 டிசம்பரில் ஃப்ராக் மின்னிதழில், ரெயின் ஃபாரஸ்ட் பப்பி என்ற புனைபெயர் கொண்டவரின் கட்டுரை வழியே பொதுவெளிக்கு வந்தது. அன்று முதல் அது தாக்குபவரின் கதையாகவே சொல்லப்பட்டுவருகிறது. தாக்குபவர் உண்மைதான், அவரை அலட்சியம் செய்வதற்கில்லை. தேடல் செல்லில் ஒரு சொல்லுக்குப் பதிலாக, மூடுகுறியும் 'அல்லது ஒன்று ஒன்றுக்குச் சமம்' என்ற நிபந்தனையும் தட்டச்சிட்டால், ஒட்டு மேக்ரோ தகவலாளிகள் அத்தனை பேரின் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைக் கொட்டிவிடும். பெயர் வெளியிடப்படாது என்று வாக்களித்து ஒப்புதல் பெற்ற ஆய்வாளருக்கு அது சிறிய செய்தி அன்று. ஆயினும் மொழித்தரவைப் பொறுத்தவரை தாக்குபவர் வரவேண்டிய தேவையே இல்லை. டிசூசா என்பதை நடுவே குறியிட்டு எழுதும் மங்களூர் மாணவர் ஒருவரின் பெயர் போதும். தண்ணீருக்கான ஒரு சந்தாலிச் சொல் போதும்.

மொழியியல் படித்தவர்களுக்கு இதன் வேர் புதிதல்ல. ஒரு சொல்லைப் பயன்படுத்துவதும் அச்சொல்லைக் குறிப்பிடுவதும் வேறுவேறு என்பது முதல் பருவத்திலேயே கற்பிக்கப்படுகிறது. தமிழில் 'என்று' என்னும் சொல் மேற்கோளின் முடிவைக் காட்டுகிறது. தொடக்கத்தைக் காட்ட இலக்கணத்தில் எதுவும் இல்லை. மேற்கோளுக்குள்ளேயே இன்னொரு 'என்று' வந்துவிட்டால், யார் சொன்னது எங்கே முடிகிறது என்பதைச் சூழலை வைத்தே கேட்பவர் தீர்மானிக்கிறார். மனிதச் செவி சமாளித்துக்கொள்ளும். தரவுத்தளத்துக்குச் சூழல் தெரியாது. குறி மட்டுமே தெரியும். ஒட்டு மேக்ரோ கட்டளையையும் தரவையும் ஒரே குரலில் பேசுகிறது. எது எதுவென்று பிரித்தறியும் சுமை கேட்பவர் தலையில் விழுகிறது.

அளவுரு வழி வினவல் அந்த இரண்டு குரல்களையும் தொடக்கத்திலேயே பிரித்துவிடுகிறது. வாக்கியம் முதலில் தனியே செல்கிறது: 'வேர் வடிவம் = ?' என்று, சொல் வரவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறியுடன். மேற்கோள் குறிகளே அங்கே இல்லை. தரவுத்தளம் அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைப் பகுத்து முடிக்கிறது. மதிப்பு பின்னர் வேறு வழியாக, மதிப்பாகவே வருகிறது. அதற்குள் எத்தனை குறிகள் இருந்தாலும், ஒரு முழுக் கட்டளையே எழுதப்பட்டிருந்தாலும், அது தேடப்படும் சொல் மட்டுமே. பகுப்பு முடிந்துவிட்டது, இனி இலக்கணமாக மாற அதற்கு வாய்ப்பில்லை.

எக்செல் மேக்ரோவில் இதைச் செய்ய 1996 முதலே ஏடிஓ நூலகத்தில் வசதி இருக்கிறது. கமாண்ட் என்ற பொருளை உருவாக்கி, கேள்விக்குறியிட்ட வாக்கியத்தை அதில் வைத்து, ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் கிரியேட் பாராமீட்டர் மூலம் ஓர் அளவுருவை ஆக்கிச் சேர்த்து, எக்ஸிகியூட் செய்ய வேண்டும். ஒட்டு முறையைவிட ஐந்தாறு வரிகள் கூடுதல், அவ்வளவே. அந்த வரிகளில் கவனம் பிசகக்கூடிய இடங்கள் உண்டு. அளவுருக்களுக்குப் பெயர் கொடுத்தாலும் இணைப்பு மென்பொருள் பொதுவாக வரிசையை மட்டுமே பார்க்கிறது. வடிவத்தையும் பொருளையும் இடம் மாற்றிச் சேர்த்துவிட்டால் பிழைச்செய்தி வராது, தவறான அகராதி வரும். உரைக்கு இரண்டு வகைகள் உண்டு: ஏடி-வார்-சார், ஏடி-வார்-டபிள்யூ-சார். முதலாவது பழைய ஒற்றை பைட் உலகத்தது. தேவநாகரியோ ஓல் சிக்கியோ தமிழோ அதன் வழியே சென்றால் மறுமுனையில் கேள்விக்குறிகளாக இறங்க நேரிடும். நடுவில் அந்த ஓர் எழுத்தை விட்டதால் ஒரு தொகுப்பு முழுவதும் பாழாகலாம். மேலும், மேக்ரோ எழுதும் திரை ஒருங்குறியை முழுமையாக அறியாதது. இந்திய மொழிச் சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதாமல் செல்லிலிருந்து எடுத்துக்கொள்வதே முறை.

தேதிக்கும் இதே நோய் உண்டு. அங்கே பிழைச்செய்திகூட வருவதில்லை. இந்திய அமைப்புள்ள கணினியில் ஏப்ரல் 3 என்பது 03-04 என்று சரத்தில் ஒட்டப்படும். அக்சஸோ தன் வினவலுக்குள் வரும் தேதியை அமெரிக்க முறைப்படி மாதம் முதலாக வாசித்து மார்ச் 4 என்று கொள்ளும். மாதத்தின் 13ஆம் நாளிலிருந்து அப்படி வாசிக்க முடியாது என்பதால் சரியாக எடுத்துக்கொள்ளும். ஆக, பதிவு நாள்களில் ஒரு பகுதி சரி, ஒரு பகுதி இடமாறியது. தேதியைத் தேதி வகை அளவுருவாக அனுப்பினால் இந்தக் குழப்பமே எழாது.

மாற்றுவழியாகச் சொல்லப்படுபவை இரண்டு. ஒன்று, குறிகளை நீக்கிவிட்டு ஏற்றுவது. இதைச் சொல்பவர்கள் தரவைத் 'தூய்மை' செய்வதாக நம்புகிறார்கள். அடைப்பொலியை அழிப்பதற்குத் தூய்மை என்று பெயர் வைப்பது மொழியியல் துறைக்கு அழகன்று. மற்றொன்று, ஒவ்வொரு குறியையும் இரண்டாக்கி ஒட்டுவது. பல நேரங்களில் இது வேலை செய்கிறது. ஒரே ஓரிடத்தில் மறந்தால் போதும், எல்லாம் பழையபடிதான். இன்னும் நுட்பமான ஓட்டை ஒன்றும் உண்டு. ஒருங்குறி தனியே ஒதுக்கிய அந்த எழுத்தையே பொறுப்புள்ள ஆய்வாளர் பயன்படுத்தியிருக்கிறார் என்று கொள்க. இரட்டிக்கும் நிரல் அதைச் சாதாரணக் குறியாக அடையாளம் காணாமல் அப்படியே விட்டுவிடும். பின்னர் அச்சரம் தரவுத்தளத்துக்குள் ஒற்றை பைட் வகைக்கு மாறும்போது, எஸ்கியூஎல் சர்வர் போன்ற அமைப்புகள் அதற்கு அருகிலுள்ள வடிவத்தைத் தேடிச் சாதாரண ஒற்றைக் குறியாக்கிவிடக்கூடும். அதை ஒட்டி அங்கே இன்னொரு வினவல் கட்டப்பட்டால் கதவு மீண்டும் திறந்துகொள்கிறது. முறையாக எழுதியவருக்கே தண்டனை.

'எக்செலை விட்டுவிட்டுப் பைத்தானுக்குப் போகட்டும்' என்பது கணினித் துறை நண்பர்களின் தீர்ப்பு. பைத்தானிலும் சரத்தை ஒட்டி வினவல் எழுதலாம், எழுதுகிறார்கள். கருவியை மாற்றுவதால் பழக்கம் மாறாது. தவிர, உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் பழைய மடிக்கணினியில் இருக்கும் ஒரே மென்பொருளோடு வேலை செய்யும் ஆய்வாளருக்கு அந்தத் தீர்ப்பு உதவியும் அன்று.

எக்செலின் மீது குறையே இல்லை என்பதன்று. கட்டளையையும் தரவையும் குழப்பும் பழக்கம் அதற்கும் உண்டு. இடைச்சொல் ஒட்டைக் காட்ட மொழியியலாளர்கள் சமக்குறியையும் உருபைக் காட்டச் சிறுகோட்டையும் முன்னே இடுவார்கள். '=உம்' என்று செல்லில் தட்டினால் எக்செல் அதைச் சூத்திரமாக வாசித்துப் பெயர்ப்பிழை என்கிறது. சொல்லின் முதலில் ஒற்றைக் குறி வந்தால், 'இது உரை' என்ற குறிப்பாகக் கொண்டு அதை விழுங்கிவிடுகிறது. ஆகவே அளவுரு வழி வினவல் காப்பது செல்லிலிருந்து தரவுத்தளம் வரையிலான பாதையை மட்டுமே. செல்லின் வகையைத் தட்டச்சுக்கு முன்பே உரை என்று மாற்றிவைப்பது தனி வேலை.

அளவுருவால் ஆகாதவையும் உண்டு. அட்டவணைப் பெயரையோ நெடுவரிசைப் பெயரையோ கேள்விக்குறியாக வைக்க முடியாது. மொழிக்கு ஓர் அட்டவணை என்று பிரித்து, தாளின் பெயரையே அட்டவணைப் பெயராக ஒட்டும் மேக்ரோக்கள் இங்கே சிக்கும். மொழியை ஒரு நெடுவரிசையாக வைத்திருந்தால் அந்தச் சிக்கல் பிறந்திருக்காது. தேடுவதற்கு மட்டும் பயன்படும் மேக்ரோவுக்கு அழிக்கும் உரிமையுள்ள கணக்கைக் கொடுப்பதும், கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி அந்தக் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும் வேறு பாவங்கள். நிரலுக்குப் பூட்டு போட்டிருக்கிறோம் என்பவர்கள் அந்தப் பூட்டை நம்பவேண்டாம்.

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஆய்வு, வெளியீட்டு நெறி குறித்த இரண்டு மதிப்பலகுப் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் தரவைப் புனைவதும் திரிப்பதும் குற்றமெனக் கற்பிக்கப்படுகிறது. தரவுத்தளங்கள் என்றே ஓர் அலகும் உண்டு. ஆனால் அது ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் பற்றியது. சொந்தத் தரவு சொந்தக் கருவியால் திரிந்துபோவதற்கு அப்பாடத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பத்து சொற்கள் கொண்ட சோதனைத் தாள் ஒன்று தேவைப்படும்: இறுதியில் குறியுள்ள ஒரு சந்தாலிச் சொல், நடுவே குறியுள்ள ஒரு பெயர், முதலில் சமக்குறியுள்ள ஓர் ஒட்டு, ஓல் சிக்கியில் ஒன்று, தேவநாகரியில் ஒன்று, ஏப்ரல் 3 என்ற தேதி, ஒரு வெற்றுச் செல், இப்படி. ஒவ்வொரு மாணவரும் தம் மேக்ரோவால் அந்தத் தாளை ஏற்றி, மீண்டும் இறக்கி, இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம். பத்து ஏறி ஏழு இறங்கினால், முதலில் நீக்கிப் பார்க்கவேண்டியது அந்த ரெஸ்யூம் நெக்ஸ்ட் வரியை.