ஓரம்கட்டப்பட்ட இரண்டாம் தளம்

2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் ஏறக்குறைய 2018 முதல் வந்த பிராசசரையும் கேட்பதால், தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு விலையில்லாமல் வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் முதல் சில ஆண்டுகளுக்குரியவை அப்பதிப்புக்கு முறைப்படி மாற இயலாதவை ஆகிவிட்டன. வெற்றிலைக் கொடிக்காலையும் வாழையையும் நம்பியிருக்கும் நாமக்கல் மாவட்டப் பரமத்தி வேலூர் வட்டாரக் குடும்பங்கள் பலவற்றில் முதன்முதலாக நுழைந்த கணினி அந்த மடிக்கணினியே என்பதால், இது இவ்வூருக்கு அயலான செய்தியன்று.

தொடக்கக்கால மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் நிறுவப்பட்டிருந்தது. டெபியன் லினக்சை அடித்தளமாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அது கட்டற்ற மென்பொருள். அதாவது, எந்த நோக்கத்துக்கும் இயக்கவும், மூலநிரலைப் படித்துத் திருத்தவும், படியெடுத்துப் பிறருக்குத் தரவும், திருத்திய வடிவத்தைப் பகிரவும் பயனருக்கு உரிமையளிப்பது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலும் இணைந்த மரபில் வந்தது அது. தமிழக அரசின் எல்காட் நிறுவனமும், உமாசங்கர் அதன் மேலாண் இயக்குநராக இருந்த காலத்திலேயே, 2007 வாக்கில், சுசே லினக்சுக்கு மாறும் முயற்சியில் இறங்கியிருந்தது. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலும் உபுண்டுவையும் ஓப்பன் ஆபீசையும் கற்பித்தது.

இத்தனை வழிகளில் வந்தும் லினக்ஸ் வீடுகளில் வேர்பிடிக்காமல் போனதற்கு, கருவிக்கும் பாடநூலுக்கும் இடையே இருக்கும் மனிதர்களை அரசு கணக்கில் கொள்ளாததே முதன்மைக் காரணம். பழுதான கணினிக்கு ‘ஓஎஸ் போட்டுத் தரும்’ கடைக்காரருக்கும், அழைப்பிதழும் நோட்டீசும் அச்சிடும் டிடிபி நிலையத்தாருக்கும், கணக்கை டேலி மென்பொருளில் எழுதும் வணிகருக்கும் லினக்சில் தொழில் நடத்தப் பழக்கியவர் எவருமில்லை. கேரளம் இவ்வழியில் செல்லவில்லை. ஐடி@ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சியளித்துவிட்டு, பாடத்தையும் செய்முறைத் தேர்வையும் லினக்சிலேயே அமைத்ததால், அங்கு அது மாணவர்களின் அன்றாடப் பழக்கமாயிற்று.

தமிழ் எழுத்து சார்ந்த தடையொன்றும் இருந்தது. எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்றிருந்த காலத்தில், ஒரு கணினியில் அடித்த கட்டுரை அந்த எழுத்துரு இல்லாத மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. 2010இல் ஒருங்குறியை (யூனிகோடு) தமிழக அரசு தரநிலையாக ஏற்றதோடு இத்தடையின் பெரும்பகுதி விலகியது. இன்று தமிழ்99 விசைப்பலகையும் லிபர்ஆபீசும் லினக்சில் தடையின்றி இயங்குகின்றன. எனினும் 2001இல் வந்த 7.0 பதிப்போடு வளர்ச்சி நின்றுபோன பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரையும் பழைய எழுத்துருக்களையும் கைவிடாத அச்சகங்களும், அவற்றையே சார்ந்திருக்கும் சிற்றிதழ்களும், இம்மாற்றத்தைத் தாமதப்படுத்துவோரின் வரிசையில் நிற்கின்றன. ஒருங்குறித் தமிழைக் கையாளும் ஸ்கிரைபஸ் போன்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் கிடைக்கும்போது, விடுதலையைப் பற்றித் தலையங்கம் எழுதும் இதழ்கள் தம் பக்கங்களை முதலில் அதில் அமைத்துப் பார்ப்பதே நேர்மை.

வீட்டுக் கணினியை மாற்ற விரும்புவோர் உடனே பழைய தளத்தை அழிக்க வேண்டியதில்லை. உபுண்டு, மின்ட் போன்றவற்றைப் பென்டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபையும் பிரிண்டரும் தமிழ் உள்ளீடும் ஒத்துழைக்கின்றனவா என்று பார்த்து, கோப்புகளைத் தனியே படியெடுத்த பிறகு நிறுவலாம். விண்டோசுக்கான டேலியைத் தவிர்க்க முடியாதவர்கள் இரு தளங்களையும் அருகருகே வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. ஆனால் தனி வீடுகளின் துணிச்சலை மட்டும் நம்பினால் 2011இல் நேர்ந்ததே மறுபடி நேரும். பள்ளிக் கணினி ஆய்வகங்களிலும் கிளை நூலகங்களிலும் மாதம் ஒருநாள் நிறுவல் முகாம் நடத்தி, ஊரின் பழுதுபார்ப்போரையும் டிடிபி தொழிலாளரையும் அதில் முதல் மாணவர்களாகச் சேர்ப்பதே அரசும் ஆசிரியர் அமைப்புகளும் இப்போது செய்ய வேண்டிய பணி.