வீட்டு விலை உயர்வுக்கு வாடகைக்கு விடுவோர்தாம் காரணமா?

 

பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரைக் கடந்து சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் என்று தெற்கே செல்வோர் இரு காட்சிகளைச் சேர்த்தே காண்கின்றனர். ஒருபுறம் புதிது புதிதாக எழும் அடுக்குமாடிகள். மறுபுறம் இரவு எட்டு மணிக்கும் விளக்கெரியாத எண்ணற்ற சன்னல்கள். இவ்வட்டாரத்தில் பணிபுரியும் நம் இளைஞர்கள் ஜும்ஆ முடிந்து பேசிக்கொள்ளும்போது, "ஒருவரே மூன்று, நான்கு வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டால், குடியிருக்க ஒரு வீடு தேடும் நாங்கள் எங்கே போவது?" என்று மனம் வெதும்புவதைக் கேட்கிறோம். இந்தக் குறையில் பாதி நியாயம் இருப்பதாகவே கருதுகிறோம். எந்தப் பாதி என்பதைப் பிரித்தறிவது நம் கடமை.

முதலில், விலையை ஏற்றிய பெருங்காரணங்களைப் பார்ப்போம். சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்து, டி.சி.எஸ். போன்ற பெருநிறுவனங்கள் வந்தபின், வயலும் தோப்புமாக இருந்த கிராமங்களைத் தேடிப் பல்லாயிரம் குடும்பங்கள் வந்தன. இப்போது மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ வழித்தடம் கட்டப்பட்டு வருகிறது. ரயில் ஓடுமுன்பே அதன் பயன் மனை விலையில் ஏறிவிட்டது. தாம்பரத்துக்கு அப்பால் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டதை ஒட்டியும் இதே கதைதான். ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2020 மே முதல் 2022 மே வரை 4 விழுக்காடாகத் தாழ்ந்திருந்தபோது, வீட்டுக் கடன் எளிதாகி வாங்குவோர் கூட்டம் பெருகியது. போதாக்குறைக்கு, தமிழ்நாட்டில் பத்திரப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 60 லட்சம் ரூபாய்ச் சொத்துக்கு இதுவே 5 லட்சத்து 40 ஆயிரம் ஆகிறது. இவற்றில் எதையும் வாடகைக்கு விடுபவர் உண்டாக்கவில்லை.

அடுத்து, ஓர் எளிய கணக்கு. 60 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை மாதம் 15,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் கிடைக்கும். அதாவது 3 விழுக்காடு. பராமரிப்புக் கட்டணமும் சொத்துவரியும் போனால் இன்னும் குறையும். இந்த வருமானத்துக்காக மட்டும் 60 லட்சத்தை எவர் முடக்குவார்? பெரும்பாலோர் எதிர்பார்ப்பது வாடகையை அன்று. ஐந்தாறு ஆண்டுகளில் விலை ஏறும் என்பதையே. ஆகவே வீட்டைப் பூட்டியே வைத்திருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1 கோடியே 11 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. வீடில்லா மனிதர்களும் மனிதரில்லா வீடுகளும் ஒரே நகரத்தில் இருப்பது இப்படித்தான்.

வாங்கிய வீட்டை நியாயமான வாடகைக்கு விடுபவர், விற்பனைச் சந்தையிலிருந்து ஒரு வீட்டை எடுத்து வாடகைச் சந்தையில் வைக்கிறார். வாங்குவோரின் போட்டி சிறிது கூடுகிறது; ஆனால் இன்னும் வாங்கும் வசதியற்ற ஒரு குடும்பத்துக்குக் கூரை கிடைக்கிறது. பூட்டி வைப்பவரோ வீட்டை இரு சந்தைகளிலிருந்தும் எடுத்துவிடுகிறார். கட்டத் தொடங்குமுன்பே ஐந்து வீடுகளுக்கு முன்பணம் கட்டி, சாவி கைக்கு வருமுன் கைமாற்றி இலாபம் பார்ப்பவர் அதற்கும் ஒரு படி மேல். இம்மூவரையும் 'வீட்டுக்காரர்' என்ற ஒரே பெயரால் குற்றம்சாட்டுவது நீதியாகாது.

நம் மார்க்கம் இந்த வேறுபாட்டை நெடுங்காலத்துக்கு முன்பே காட்டியுள்ளது. மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் வேண்டியும், நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை என அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி திர்மிதி, அபூதாவூத் நூல்களில் உள்ளது. ஆயினும் அதே நபியவர்கள் பதுக்கலைப் பாவம் என்றார்கள். சரக்கு சந்தைக்கு வருமுன் ஊருக்கு வெளியே சென்று வணிகக் கூட்டத்தாரை மறித்து வாங்குவதையும், தானியத்தைக் கைப்பற்றுமுன் மறுவிற்பனை செய்வதையும் தடுத்தார்கள். இமாம் இப்னு தைமிய்யா தம் 'அல்ஹிஸ்பா' நூலில், மக்கள் பெருக்கத்தாலும் பொருள் குறைவாலும் ஏறும் விலை வேறு, அநீதியால் ஏற்றப்படும் விலை வேறு என்று பிரிக்கிறார். சிறுசேரியின் விலையில் இரண்டும் கலந்திருக்கின்றன.

ஜகாத் சட்டத்திலும் இது தெரிகிறது. பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்களின் கருத்துப்படி, வாடகைக்கு விட்ட வீட்டின் மதிப்பின் மீது ஜகாத் இல்லை. சேர்ந்த வாடகைப் பணத்தின் மீதே உண்டு. விற்று இலாபம் பார்க்கும் நோக்கில் வாங்கிய சொத்தோ வணிகப் பொருள். ஆண்டுதோறும் அதன் சந்தை மதிப்பில் 2.5 விழுக்காடு ஜகாத் கடமை. விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்துள்ள வீட்டுக்கு நம்மில் எத்தனை பேர் கணக்குப் பார்க்கிறோம்? தத்தம் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நலம்.

நாட்டின் சட்டமோ எதிர்த்திசையில் செல்கிறது. வாடகை வருமானத்துக்கு வரி உண்டு. ஆனால், இரண்டாவது வீட்டைப் பூட்டி வைத்தால் அதற்குக் கற்பனை வாடகை கணக்கிட்டு வரி விதிக்கும் முறை 2019இல் தளர்த்தப்பட்டு, 2025 நிதிநிலை அறிக்கையில் நிபந்தனையே இன்றி நீக்கப்பட்டது. குடிவைத்தால் வரி, பூட்டினால் சலுகை! சிங்கப்பூரில் குடிமகனே ஆனாலும் இரண்டாவது வீடு வாங்கினால் 2023 ஏப்ரல் முதல் 20 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வை. பிரிட்டனில் 2016 முதல் இத்தகைய கூடுதல் தீர்வை உண்டு. எனினும் அங்கு விலை ஏறுவது அதன்பின்னும் நிற்கவில்லை. போதிய வீடுகள் கட்டப்படாத ஊரில் தீர்வை மட்டும் விலையை இறக்காது. காலி வீட்டின் மீதான வரியும், நடுத்தரக் குடும்பத்துக்கேற்ற வீடுகளும் சேர்ந்தே வரவேண்டும்.

அரசை நோக்கிச் சொல்வதோடு நாம் நிறுத்திக்கொள்ள இயலாது. வட்டிக்கு அஞ்சி வங்கி வைப்பைத் தவிர்க்கும் நம் சமுதாயத்தின் வளைகுடா, மலேசியச் சேமிப்புகள் பெரும்பாலும் மனையிலும் வீட்டிலும் சென்று சேர்கின்றன. வட்டியைத் தவிர்ப்பது இறையச்சம். ஆனால் அந்தப் பணம் பூட்டிய கதவுக்குப் பின்னால் முடங்கினால், அதன் சுமையை வீடு தேடும் மற்றொரு குடும்பம் சுமக்கிறது.

சென்னையில் பத்து மாத முன்பணம் வழக்கமாகிவிட்டது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டமோ, வேறு உடன்பாடு இல்லாதவரை மூன்று மாத வாடகையே வரம்பு என்கிறது. 15,000 ரூபாய் வாடகைக்கு ஒன்றரை லட்சம் கேட்டால், வந்து சேரும் குடும்பம் அதை வட்டிக்கு வாங்கித்தான் தரும். நாம் தவிர்த்த வட்டியை நம் குடியிருப்பாளர் தலையில் ஏற்றுவது எவ்வகையில் தக்வா?

ஆகவே வெளிநாட்டில் வாழும் சகோதரர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். பூட்டிய வீட்டைத் திறந்து குடிவையுங்கள். முன்பணத்தை மூன்று மாதத்தோடு நிறுத்துங்கள். பெயரைக் கேட்டதும் 'வீடு இல்லை' என்ற பதிலைப் பலமுறை கேட்ட சமுதாயம் நாம். நம் வீட்டு வாசலில் நிற்பவரிடம் சாதியும் மதமும் கேளாதீர்கள். இவற்றால் சிறுசேரியின் விலை இறங்கிவிடாது. ஒரு குடும்பத்தின் அலைச்சல் தீரும்; நம் பொருளில் பரக்கத் உண்டாகும், இன்ஷா அல்லாஹ்.

பிறர் நலிவில் நம் செல்வம் வளராதிருக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.