லண்டன் குளிருக்கான ஸ்லீப்பிங் பேக், அனுப்பர்பாளையம் வெயிலுக்குச் சரிப்படுமா?

திருப்பூர் அவிநாசி ரோட்டில் உள்ள அனுப்பர்பாளையத்தில் ஒரு பக்கம் பித்தளைப் பாத்திரப் பட்டறைகள், இன்னொரு பக்கம் பனியன் கம்பெனிகள். 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50% வரி போட்டதும், இந்தப் பகுதி ஏற்றுமதியாளர்களின் பார்வை பிரிட்டன் பக்கம் திரும்பியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜூலை 24-ல், நம் ஆடைகளுக்கான வரியை நீக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட்டிருந்தது. குழந்தைகள் உடை திருப்பூரின் பலங்களில் ஒன்று. பிரிட்டன் கடைகளில் அந்த வரிசையில் தவறாமல் தொங்குவது, கை வெளியே, கால் உள்ளே இருக்கும் ஸ்லீப்பிங் பேக். இப்போது நம்ம ஊர் இளம் பெற்றோரின் ஆன்லைன் கார்ட்டிலும் அது ஏறுகிறது.

வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் அது எந்த ரூமுக்காகத் தைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

எதற்காக வந்தது?

தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பதைக் குறைக்க, 1991-ல் பிரிட்டனிலும் 1994-ல் அமெரிக்காவிலும் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்ற பிரசாரம் தொடங்கியது. இறப்புகள் பெருமளவு குறைந்தன. தளர்வான போர்வையும் ஆபத்து; முகத்தை மூடிவிடலாம். போர்வைக்கு மாற்றாகத்தான் அங்கே இந்தப் பை பரவலானது. குளிரிலிருந்து காப்பதுதான் இதன் வேலை. நம்மிடம் குளிரே இல்லையென்றால்?

லேபிளில் ஒரு எண்

பை எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதை 'டாக்' என்ற அளவில் சொல்வார்கள். 1940-களில் மான்செஸ்டரின் ஷெர்லி இன்ஸ்டிடியூட் என்ற ஜவுளி ஆராய்ச்சிக் கூடம் உருவாக்கிய அளவு இது. 2.5 டாக் பை, சுமார் 16 முதல் 20 டிகிரி ரூமுக்கு. 1 டாக், 20 முதல் 24 டிகிரிக்கு. 0.5 டாக் என்றால் 24-க்கு மேல், 27 டிகிரி வரை.

2020 முதல் இந்தியாவில் தயாராகும் ஸ்டார் லேபிள் ஏசிகள், ஆன் செய்ததும் 24 டிகிரியில் நிற்கும். அந்த ரூமில் 0.5 டாக் பை தாராளமாகப் போதும். ஏசி இல்லாத வீட்டில் ஏப்ரல், மே மாதங்களில் பையே வேண்டாம். மெல்லிய காட்டன் சட்டையும் டயப்பரும் போதும். அதிக சூடும் தூக்கத்தில் நிகழும் இறப்புக்கான ஆபத்துக் காரணிதான். குளிருக்குப் பயந்து வாங்கிய தடிமனான பை, இங்கே எதிர் வேலை செய்யும். ராத்திரி கரண்ட் போய் ஏசி நின்றால், முதலில் கழற்ற வேண்டியதும் அதைத்தான்.

கை, கால் ஜில்லென்று இருப்பதை வைத்துக் குளிர் என்று முடிவு செய்யாதீர்கள். பின்கழுத்தையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். வியர்வை இருந்தால் ஒரு அடுக்கைக் குறைக்க வேண்டும்.

பெயரில் ஒரு குழப்பம்

நம் ஆன்லைன் தளங்களில் 'பேபி ஸ்லீப்பிங் பேக்' என்று தேடினால், தலையணை, தலைமூடியோடு மெத்தை மாதிரி தைத்து ஜிப் போட்ட இன்னொன்றும் வரும். குழந்தையைத் தூக்கிப் போக வசதிதான், ராத்திரி தூங்க வைக்க அல்ல. பல பொருட்களில் டாக் எண்ணே இருக்காது. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்று மலிவாகக் கிடைத்தாலும், அந்த எண்ணைத் தேடுங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 16781 குறிப்பிடப்பட்டிருந்தால் கூடுதல் நம்பிக்கை.

அளவில் சமரசம் வேண்டாம். 'வளர்ற பிள்ளைதானே' என்று பெரிய சைஸ் எடுப்பது நம் பழக்கம். இங்கே அது ஆபத்து. கழுத்துத் துளை வழியே தலை உள்ளே நழுவிவிடக் கூடாது. லேபிளில் குறைந்தபட்ச எடை இருக்கும், வயதைவிட அதைப் பாருங்கள். எடை சேர்த்துத் தைத்த பைகளை அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

அப்போ தூளி? சேலைத் தூளியில் காற்று வரும், ஆனால் உடல் வளைந்து தாடை நெஞ்சில் படலாம். நீண்ட தூக்கத்துக்குச் சமமான, உறுதியான படுக்கைதான் மருத்துவ அமைப்புகளின் பரிந்துரை. பையோடு தூளியில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுக்குத் தாயின் நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு முறையைத்தான் டாக்டர்கள் சொல்வார்கள். பை எப்போது போடலாம் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.