குழந்தை சாட்சியம்: கேள்விகளும் பதிவாகட்டும்

குழந்தை சாட்சிக் கூண்டில் ஏறினால் நீதிமன்ற வளாகத்தில் இரண்டு குரல்கள் எழும். ‘பிள்ளை பொய் சொல்லாது’ என்பது ஒன்று. ‘சொல்லிக்கொடுத்த சாட்சி’ என்பது மற்றொன்று. இரண்டுமே குழந்தையைத்தான் எடைபோடுகின்றன. அதனிடம் எப்படிக் கேட்டார்கள் என்பதை யாரும் ஆராய்வதில்லை.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1983இல் வெடித்தது மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு. பாலியல் கொடுமை நடந்ததாக எழுந்த புகாரில் நூற்றுக்கணக்கான குழந்தைகளை விசாரித்தவர்கள், ‘மற்ற பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்’ என்று நெருக்கினார்கள்; எதிர்பார்த்த பதில் வந்தால் பாராட்டினார்கள். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவரும் தண்டிக்கப்படாமல் வழக்கு முடிந்தது. விசாரணையின் கோணலை ஜூரிகளுக்குக் காட்டிக்கொடுத்தது, அப்போது எடுத்த வீடியோ பதிவுதான்.

அந்த உத்திகளை எல் பாசோவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் சேனா கார்வெனும் சக ஆய்வாளர்களும் சோதித்து, 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்கு ஒருவர் வந்து கதை சொல்லிப் போனார். ஒரு வாரம் கழித்து, அவர் செய்யாதவற்றைச் செய்தாரா என்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். பதிலைத் திணிக்கும் கேள்விகள் மட்டும் கேட்டபோது 17 சதவீதம் ‘ஆம்’ என்று வந்தது. மெக்மார்ட்டின் உத்திகளையும் சேர்த்தபோது 58 சதவீதம். சில நிமிட நெருக்கடிக்கே இவ்வளவு மாற்றம்.

இதை வைத்துக் குழந்தைகளை நம்ப முடியாது என்று முடிவுகட்டுவது அநியாயம். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் விக்டோரியா டால்வர், காங் லீ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வுகளில், உண்மை சொல்வதாக வாக்குக் கொடுத்த குழந்தைகள் பொய் சொல்வது குறைந்தது. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் அந்த வாக்குறுதியோடு சாட்சி சொல்லலாம் என்ற சட்டம் 2006இல் அங்கே நடைமுறைக்கு வந்தது.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் நம் போக்சோ சட்டமும் நல்ல சட்டமே. காவல் அதிகாரி சீருடையின்றி வாக்குமூலம் வாங்க வேண்டும். வழக்கறிஞரின் கேள்விகளை நீதிமன்றமே குழந்தையிடம் கேட்க வேண்டும். ஆனால் 26ஆவது பிரிவு, வாக்குமூலத்தை ஒலி-ஒளிப் பதிவு செய்வதை ‘இயன்ற இடங்களில்’ என்று தளர்த்திவிடுகிறது.

கேமரா குழந்தையை மிரட்டும், பதிவு வெளியே கசியும் என்பது நியாயமான கவலை. கேமராவைக் கண்ணில் படாமல் வைப்பதும், பதிவை நீதிமன்றக் காவலில் பூட்டுவதும் அதற்குத் தீர்வு. எழுதிய வாக்குமூலத்தில் பதில்தான் மிஞ்சுகிறது. அதைப் பறித்த கேள்வி மறைந்துபோகிறது. முழுப் பதிவு, உண்மையாகவே பாதிக்கப்பட்ட குழந்தையையும் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டவரையும் ஒருசேரக் காக்கும்.

‘இயன்ற இடங்களில்’ என்ற சொற்களை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். அதுவரை மாநில அரசு காத்திருக்கத் தேவையில்லை. ‘அவர் தொட்டாரா?’ என்று கேட்காமல் ‘என்ன நடந்தது, சொல்லும்மா’ என்று கேட்டுக் காத்திருக்கும் பயிற்சியை, வாக்குமூலம் பெறும் ஒவ்வொரு காவல் அதிகாரிக்கும் இப்போதே கட்டாயமாக்கலாம்.