வேலை மனிதனுடையது, பேர் கடவுளுக்கா?

ஆடிப் பதினெட்டன்று முக்கொம்புக்குப் போயிருந்தோம். ஆற்றைக் கும்பிடுவதற்காக அல்ல. அங்கே கூடுகிற ஜனங்களிடம் நாலு வார்த்தை பேசலாம், பத்திரிகைப் பிரதிகள் சிலவற்றையும் கொடுத்து வரலாம் என்பதற்காகவே போனோம். வழக்கம் போலவே படித்துறையெங்கும் காதோலையும் கருகமணியும் மஞ்சளும் பூமாலையும் மிதந்துகொண்டிருந்தன. புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்ட பெண்கள் ஒரு பக்கம், சித்திரான்ன மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள் ஒரு பக்கமாக இருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில், நம் கூட்டங்களுக்கு அவ்வப்போது வருகிற விவசாயத் தோழர் ஒருவர் தம் மனைவியுடன் எதிர்ப்பட்டார். கையிலிருந்த செல்போனை நம்மிடம் நீட்டி, "ஐயா, நீங்க கடவுளே இல்லைங்கிறீங்க. சீமையில விஞ்ஞானிகளே கடவுள் துகளைக் கண்டுபிடிச்சுட்டாங்க. அந்த ஆராய்ச்சிக் கூடத்துல நம்ம நடராஜரையே நிறுத்தி வச்சிருக்காங்க, பாருங்க" என்றார்.

இந்தக் கேள்வி அந்தத் தோழர் ஒருவருடைய கேள்வி அல்ல. நாடு முழுவதும் வேண்டுமென்றே பரப்பப்படுகிற புரட்டு இது. ஆகையால் இதற்கு இங்கேயே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஸ்விட்சர்லாந்து நாட்டில் ஜெனிவா நகருக்குப் பக்கத்தில் செர்ன் என்கிற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பூமிக்கு அடியில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஒரு வளையச் சுரங்கத்தில், அணுவுக்குள்ளிருக்கும் நுண்ணிய துகள்களை ஒளிக்குச் சற்றே குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, எதிரெதிராக மோதவைத்து, தெறிப்பவை எவையென்று கருவிகளால் பார்க்கிறார்கள். முக்கொம்பிலிருந்து மலைக்கோட்டைக்குப் போய், அதற்கப்பாலும் போகிற நீளமுள்ள ஒரு யந்திரம் அது. இப்படி ஒரு துகள் இருக்கவேண்டுமென்று 1964-இல் ஹிக்ஸ் முதலிய சிலர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2012-ஆம் வருஷம் ஜூலை 4-ஆம் தேதி, அது அகப்பட்டுவிட்டதென்று செர்னில் அறிவித்தார்கள். நாற்பத்தெட்டு வருஷம் தேடியிருக்கிறார்கள். ஒரு நாளாவது யாரும் அதற்காக விரதமிருந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

அந்தத் துகளின் உண்மையான பெயர் ஹிக்ஸ் போசான். ஹிக்ஸ் ஒரு மனிதர். போசான் என்பதோ நம் வங்காளத்து சத்தியேந்திரநாத் போஸ் பெயரால் வந்த சொல். ஆக, அந்தப் பெயரில் இருப்பது இரண்டு மனிதர்கள். பின் கடவுள் எங்கிருந்து வந்தார்? லியான் லெடர்மேன் என்கிற அமெரிக்க விஞ்ஞானி 1993-இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலிருந்து வந்தார். அகப்படாமல் தொல்லை கொடுக்கிறதே என்று, "சனியன் பிடித்த துகள்" என்ற பொருளில் பெயர் வைக்கப் பார்த்ததாகவும், பதிப்பாளர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றும் அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். வசவாக வரவேண்டிய வார்த்தை புத்தக வியாபாரத்தில் தேய்ந்து கடவுளாயிற்று! நம் பத்திரிகைகளோ இரண்டு மனிதர் பெயரையும் தள்ளிவிட்டுக் கடவுளை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டன.

இனி நடராஜர் சங்கதி. அந்தச் சிலையை செர்ன்காரர்கள் வேண்டுதல் செய்து வாங்கி வைக்கவில்லை. இந்திய சர்க்கார் கொடுத்த அன்பளிப்பு அது. 2004-ஆம் வருஷம் ஜூன் மாதம் திறந்துவைத்தார்கள். விருந்தாளி கொண்டுவந்த பொருளைக் கூடத்தில் வைப்பது மரியாதை. அவ்வளவுதான். துகளைக் கண்டது கருவி. கருவியைச் செய்தது மனிதன். அந்தச் சிலையை வார்த்தவனும் மனிதனே.

நிற்க. "துகளோ தூசியோ, அதனால் நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். அந்தத் தோழர் கடவுள் துகளைப் பற்றிக் காட்டினாரே, அதை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்த உலகளாவிய வலை பிறந்ததே அந்த நிலையத்தில்தான். ஒரு தேசத்து ஆராய்ச்சிக்காரர் எழுதியதை இன்னொரு தேசத்து ஆராய்ச்சிக்காரர் இருந்த இடத்திலிருந்தே பார்க்கவேண்டும் என்பதற்காக, 1989-இல் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் அந்த யோசனையைச் சொன்னார். 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி, யாரும் காசு கொடுக்காமல் உபயோகித்துக்கொள்ளலாமென்று செர்ன் அதை உலகத்திற்கே விட்டுவிட்டது. மந்திரத்தைக் காதால் கேட்டாலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சாஸ்திரங்கள் உள்ள தேசத்தில், இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாமல் பேசும் கருவி இருக்கும், ஆளின் உருவத்தையும் அனுப்பிக் காட்டும் என்று தந்தை பெரியார் 1940-களிலேயே "இனி வரும் உலகம்" என்ற தலைப்பில் சொன்னார். ஞானதிருஷ்டியால் சொல்லவில்லை, மனித அறிவு போகிற போக்கைக் கவனித்துச் சொன்னார்.

வைத்திய விஷயமும் அப்படியே. பாசிட்ரான் என்றொரு நுண்துகளை 1932-இல் ஆண்டர்சன் என்பவர் கண்டபோது, அது நோயாளிக்குப் பயன்படுமென்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். 1977-இல் செர்னிலிருந்த இருவர், அந்தத் துகள் மறையும்போது எழும் கதிர்களைக் கருவியால் பிடித்து ஒரு சுண்டெலியின் உடலைப் படமாக்கினார்கள். இப்படிப் பல நாட்டார் பாடுபட்டு வளர்த்ததுதான் இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் பெட் ஸ்கேன். கதிர்வீசும் சர்க்கரையைச் சிறிதளவு உடம்பில் ஏற்றுகிறார்கள். புற்றுநோய்க் கட்டி மற்ற இடங்களைவிட அதிகமாகச் சர்க்கரையை இழுக்கும். எங்கே அதிகம் சேர்ந்ததோ அங்கே படத்தில் பளிச்சென்று தெரியும்.

இதை நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அந்தத் தோழர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகுதான் சங்கதி வெளிவந்தது. அவர் மனைவிக்கு மார்பில் கட்டி கண்டு, ஐந்து மாதம் மந்திரித்த கயிறும் திருநீறுமாகக் கழித்துவிட்டு, வலி பொறுக்க முடியாமல் போன பிறகே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்து, அறுவை செய்து, மருந்து ஏற்றி, இப்போது ஒருவாறு தேறியிருக்கிறார். பிழைத்ததற்காகச் சமயபுரத்தம்மனுக்கு வெள்ளியில் உரு வாங்கிப் போடப் போகிறார்களாம்.

"பிழைத்தது அம்மன் செயலென்றால், ஐந்து மாதம் வீணானது யார் செயல்?" என்று கேட்டோம். தோழர் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாள்தான் சொன்னார்: "நான் முதல் மாசமே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொன்னேங்கய்யா. என் பேச்சை யாரு கேட்டா?"

தோழர்களே, நாம் பேசிய அத்தனை விஞ்ஞானத்தையும்விட அந்த ஒரு வார்த்தை பெரிது. பக்தியும், பெண்ணுக்குப் புத்தியில்லை என்கிற ஆணின் அகம்பாவமும் சேர்ந்து ஓர் உயிரைக் கொன்றுவிடப் பார்த்தன. காப்பாற்றியவர்களோ, எங்கெங்கோ இருட்டறையில் துகளைத் தேடியவர்கள் முதல் இங்கே கத்தி பிடித்த டாக்டரும், இராக்கண் விழித்த நர்சும் வரை அத்தனை மனிதர்கள். நன்றி மட்டும் வெள்ளி உருவாகச் சமயபுரத்து உண்டியலுக்கு!

நாம் நின்ற முக்கொம்பின் கதையும் இதுவேதான். காவேரி மேடிட்டு, தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கி ஓடி, தஞ்சை வயல்கள் காய்ந்துகொண்டிருந்த காலத்தில், காட்டன் என்கிற என்ஜினீயர் திட்டம் போட்டு, நம் கூலியாட்கள் கல் சுமந்து, 1836-இல் தொடங்கிக் கட்டிய மேலணை இது. அதனால்தான் காவேரியில் தண்ணீர் ஓடுகிறது. அந்தக் கூலியாட்களில் ஒருவர் பேராவது யாருக்காவது தெரியுமா? ஸ்ரீரங்கத்தில் ரங்கநாதர் காவேரித் தாய்க்குச் சீர் கொடுக்கிறார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். 2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் ஒன்பது உடைந்து போனபோது, காவேரித் தாய் ஏன் காக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அதிகாரிகள் ஏன் கவனிக்கவில்லை என்றுதான் கேட்டார்கள். கேட்டது நியாயமே. பக்கத்திலேயே புதுக் கதவணை கட்டியவர்களும் மனிதர்களே. ஓடினால் தெய்வத்திற்குப் புடவை, உடைந்தால் மனிதனுக்கு வசவு. இது எந்த ஊர் நியாயம்?

இதைவிடக் கொடுமை கோலார் தங்க வயல் கதை. பூமியையே துளைத்துச் செல்லும் நியூட்ரினோ என்னும் துகளை, வான் காற்றில் உண்டாவதை, மனிதன் முதன்முதல் கருவியில் கண்டது 1965-இல். கண்ட இடங்களில் ஒன்று நம் கோலார் சுரங்கம். மற்றக் கதிர்களைப் பாறை தடுத்து நிறுத்தவேண்டும் என்பதற்காக ஒரு மைலுக்கு மேற்பட்ட ஆழத்தில் கருவியை வைத்தார்கள். அந்த ஆழத்தைத் தோண்டியவர்கள் யார்? பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பிழைக்கப்போன தாழ்த்தப்பட்ட தமிழ் மக்கள். ஊரில் தெருவில் நடக்கவிடாதவர்கள் வெட்டிய பள்ளத்தில்தான் உலக விஞ்ஞானம் இறங்கிற்று. அவர்களுக்குக் கிடைத்த கூலி பாறைத்தூசி படிந்த நுரையீரல். 2001-இல் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். பேரைத் திருடுவது சாமி மட்டும் அல்ல, மேல்சாதியும் முதலாளியும்கூடத்தான் என்பதை நாம் மறக்கக்கூடாது.

"பெரிய விஞ்ஞானிகளே ராக்கெட்டின் மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோகிறார்களே?" என்று கேட்பார்கள். கொண்டுபோகிறார்கள், வெட்கக்கேடுதான். ஆனால், ராக்கெட் விழுந்துவிட்டால் விசாரணைக் குழு போட்டு வால்வையும் கம்பியையும்தானே சோதிக்கிறார்கள்? ஏழுமலையானை யாரும் விசாரணைக்கு அழைப்பதில்லையே! அழைக்காததிலிருந்தே அவர்களுடைய உண்மையான நம்பிக்கை எதில் என்பது தெரியவில்லையா?

ஆகவே நாம் சொல்வது இதுதான். சமயபுரத்துக்கு வாங்கும் வெள்ளியின் விலையில், பத்தாம் வகுப்போடு நின்றுபோகும் ஒரு பெண்ணை விஞ்ஞானப் பாடம் படிக்க வையுங்கள். வீட்டிலுள்ள பெண் உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கயிறு கட்டுகிறவனுக்கு ஒரு நாள்கூடக் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பயன்படும் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், இதை யார் செய்தார், அவருக்கு என்ன கிடைத்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

அந்தத் தோழர் புறப்படும்போது பத்திரிகைப் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கினார். வெள்ளி உரு வாங்குவாரா மாட்டாரா, அது நமக்குத் தெரியாது. ஆனால் பிரதியை அவர் கையிலிருந்து அந்த அம்மாள் வாங்கித் தம் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தோம். நாம் முக்கொம்புக்குப் போனதற்கு அது போதும்.