திறக்க முடியாத பொருள் யாருடையது?

பழைய கையடக்கத் தொலைபேசியைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியவை பற்றிய குறிப்புகள் இன்று எங்கும் மலிந்து கிடக்கின்றன. கடைக்குக் காவற் கமரா, அடுக்களைக்கு வானொலி, பிள்ளைகளுக்கு மின்னூல் வாசிப்பான் என்று பட்டியல் நீளும். நல்ல யோசனைகள்தாம். ஆனால், அவற்றில் ஒன்றையேனும் செய்து பார்க்க முனைந்தவர்களுக்கு நடைமுறை தெரியும். பற்றரி உப்பியிருக்கும். அதை மாற்றுவதற்குப் பின்மூடியைக் கழற்ற வேண்டும். மூடியோ பசையால் ஒட்டப்பட்டிருக்கும். மென்பொருளையாவது மாற்றிப் பார்ப்போம் என்றால் அதற்கும் பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்கும் குறியீட்டைக் கேட்டவர்களுக்கு வழங்கிவந்த ஹுவாவி நிறுவனம், 2018 இல் அதையும் நிறுத்திக்கொண்டது.

பணம் கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க எமக்கு உரிமையில்லை என்றால், அப்பொருள் யாருடையது? இதுவே என் கேள்வி.

திறந்து பார்க்க முடிந்த பொருளின் பெறுமதி என்ன என்பதை யாழ்ப்பாணத்தவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. அப்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியை இயக்கிச் செய்தி கேட்டோம். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் டயோட் வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடப் பையன்களும் அறிந்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள்களோ சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின.

இதைத் தமிழனின் மதிநுட்பம் என்று மார்தட்டுவோர் உளர். நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனல்லன். அந்தப் பற்றாக்குறை எம்மீது திணிக்கப்பட்டது. அதில் பெருமை கொள்ள எதுவுமில்லை. நான் சுட்ட விரும்புவது ஒன்றைத்தான்: அந்த வானொலியைத் திறக்க ஒரு திருப்புளி போதுமாயிருந்தது. பசையால் ஒட்டிய இன்றைய பெட்டி அன்று எம் கையில் இருந்திருந்தால், எந்த மதிநுட்பமும் செய்தியைக் கொண்டுவந்திராது.

நிறுவனங்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு. முதலாவது, நீர் புகாதிருக்கவே ஒட்டுகிறோம் என்பது. 2014 இல் சம்சுங் வெளியிட்ட கலக்ஸி எஸ்5 நீரைத் தாங்கியது; அதன் பின்மூடியை நகத்தால் கழற்றிப் பற்றரியையும் மாற்ற முடிந்தது. ஆக, அது முடியாத காரியமன்று. இரண்டாவது, லிதியம் பற்றரி ஆபத்தானது என்பது. ஆபத்தானதுதான்; குத்தினால் தீப்பற்றும். அதனாலேயே உரிய உதிரிப்பாகமும் திருத்தும் கைநூலும் வெளிப்படையாகக் கிடைக்க வேண்டும் என்கிறேன். அவற்றை மறைத்து வைப்பதால் திருத்துவோர் போலிப் பற்றரியைத் தேடிப் போகிறார்களேயன்றி, ஆபத்துக் குறைவதில்லை.

2021 இல் ஐபோன் 13 வெளியானபோது, வெளியாள் ஒருவர் அதன் திரையை மாற்றினால் முகமறியும் வசதி நின்றுபோயிற்று. கண்டனம் எழுந்ததும், மென்பொருள் மாற்றத்தால் இதைச் சரிசெய்வோம் என்று அப்பிள் நிறுவனம் அறிவித்தது. மென்பொருளால் நீக்கக்கூடிய தடையை இயற்கையின் விதி என்று நாம் ஏன் நம்ப வேண்டும்?

ஐரோப்பா விழித்துக்கொண்டிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கு சந்தைக்கு வரும் கையடக்கத் தொலைபேசிகளுக்கு, அந்த மாதிரியின் விற்பனை முடிந்த பின்னரும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும். திருத்துவது எவ்வளவு எளிது என்பதைக் காட்டும் தரம், சக்திச் சிட்டையிலேயே அச்சிடப்படுகிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம், உரிய பாகத்தைப் பொருத்தினாலும் அதை ஏற்க மறுக்கும்படி கருவியைப் பூட்டிவைக்கும் தந்திரத்துக்கு எதிராக 2024 இல் சட்டம் இயற்றியது. உலகில் 2022 இல் மாத்திரம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு குவிந்தது என்று ஐ.நா. அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது காற்பங்குக்கும் குறைவு.

எமக்கு இதனால் என்ன என்று கேட்பவர்கள் 2022 ஐ நினைத்துப் பார்க்கட்டும். 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது, புதிய தொலைபேசி சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாக்கனியாயிற்று. பிள்ளைகளின் பாடங்களும் வெளிநாட்டிலுள்ள மகனின் குரலும் அந்தப் பழைய தொலைபேசியில்தான் வந்துகொண்டிருந்தன. அது திருத்தக்கூடியதா என்பதே அப்போது வாழ்வாதாரக் கேள்வி.

ஆகவே, இலங்கையிலும் இத்தகைய சட்டம் வேண்டும் என்று உரக்கக் கேட்போம். பாரிஸிலும் பேர்லினிலும் வாழும் உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தொலைபேசியை வாங்குமுன் சிட்டையிலுள்ள அந்தத் தரத்தைப் பாருங்கள். நீங்கள் பாவித்து முடித்த தொலைபேசி ஒருநாள் ஊரில் அம்மாவின் கைக்கு வரும். அங்கே அதைத் திருத்தப்போகிறவர், தெருமுனையில் ஒரு மேசையும் திருப்புளியும் மாத்திரம் வைத்திருக்கும் ஓர் இளைஞராக இருப்பார். அவரால் திறக்க முடியாத பொருளை வாங்காதீர்கள்.