ஊர்ப் பெயரே வினையான கதை!

போன மாதம் ஒரு ராத்திரி. மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் கதைப் புத்தகத்தோடு வந்து நின்றாள் என் பெண். "ஏம்மா, ஷாங்காய் சைனாவிலே இருக்கிற ஊர்தானே? இதிலே 'அவனை ஷாங்காய் பண்ணிட்டாங்க'ன்னு போட்டிருக்கு. ஊரை எப்படிம்மா பண்றது?"

பத்தாவதோடு நிறுத்தியவள் நான். எனக்கெப்படித் தெரியும்? எதிர்வீட்டு ரிடையர்டு வாத்தியாரிடம் அனுப்பிவிட்டு, கை கழுவிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

ஒருவரை ஏமாற்றியோ பலாத்காரமாகவோ அவர் சம்மதிக்காத வேலையில் மாட்டிவிடுவதுதான் 'ஷாங்காய் பண்ணுவது' என்றார் அவர். பிறந்த இடம் சைனா அல்ல, அமெரிக்காவாம்!

1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. மறு வருஷமே கூட்டம் அலைமோதியது. சான்பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கிய மாலுமிகளும் கப்பலை விட்டுவிட்டுத் தங்கம் தோண்ட ஓடினார்கள். கப்பல் ஓட்ட ஆளில்லை. தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஆள் பிடித்துக் கொடுக்கத் தரகர்கள் கிளம்பினார்கள். பலர் மாலுமிகள் தங்கும் விடுதிகளை நடத்தியவர்கள். சாராயத்தில் மயக்க மருந்து கலந்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலில் ஏற்றிவிடுவார்களாம். கண் விழித்தால் நடுக்கடல்! ஷாங்காய் அப்போது வெகுதூரத்துத் துறைமுகம். போனவன் திரும்ப எத்தனையோ மாதம் ஆகும். அதனால்தான் அந்தப் பெயர்.

இன்னொரு கொடுமை கேளுங்கள். மாலுமியின் முன்பணச் சம்பளத்தையும் 'சாப்பாட்டுக் கடன்' என்று தரகனே வாங்கிக்கொள்வானாம். வழியில் இறங்கி ஓடினால் ஜெயில்! ஆண்ட்ரூ ஃபுருசெத் என்ற மாலுமி வருஷக்கணக்கில் போராடி, 1915-ல் புதுச் சட்டம் வந்த பிறகுதான் அந்த ஜெயில் தண்டனை ஒழிந்தது.

கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வாரம்தான் தங்கச்சி ஃபோனில் சொல்லியிருந்தாள்: "பையனுக்கு வெளிநாட்டிலே வேலைக்கா! வளையலை அடகு வெச்சு ஏஜெண்டுக்குப் பணம் கட்டணும். முதல் ரெண்டு மாசச் சம்பளமும் அவருக்குத்தானாம். டூரிஸ்ட் விசாவிலே போய் அங்கே மாத்திக்கலாமாம்."

2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப்போய், மியான்மரில் சிக்கி மீண்டு வந்த நம் தமிழ்ப் பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். உடனே தங்கச்சியைக் கூப்பிட்டு, "அரசாங்கத்தில் பதிவு பண்ணின நம்பரை முதலில் கேளுடி" என்றேன்.

"பெரியம்மா, வர்ற நல்லதைக் கெடுக்கறீங்களே" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான் பையன். நம்பர் கேட்டதும் ஏஜெண்ட் ஃபோனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்! வளையல் தங்கச்சி கையிலேயே இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளை வெளிநாடு கிளம்பினால் ஏஜெண்டின் பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். டூரிஸ்ட் விசாவில் வேலைக்கு அனுப்பாதீர்கள். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துக் காட்டச் சொல்லி, ஒரு நகல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் இங்கிலீஷ்காரர்கள் அந்த வார்த்தையை வேடிக்கைக்கும் சொல்வார்களாம். போன ஞாயிறு பக்கத்துவீட்டு விசேஷத்துக்குச் சும்மா எட்டிப் பார்க்கப் போனவளை, நூறு பேருக்குப் பூரி தேய்க்க உட்கார வைத்துவிட்டார்கள். என் பெண் கைகொட்டிச் சிரித்தாள்: "அம்மாவை ஷாங்காய் பண்ணிட்டாங்க!"